தஞ்சை ஏடும் மைசூர் நூலும்

மைசூர் நகரைக் காண வரும் தமிழ் மக்கள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பிருந்தாவனத் தோட்டத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்து, பிறந்த இடத்தில் இல்லாத பொருளும் பெருமையும் இங்கே எய்திய இரண்டு செல்வங்கள் உண்டென்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. ஒன்று பனையோலை, மற்றொன்று காகிதம். ஓலையின் வரலாற்றையே நாம் ஈண்டுச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம்.

மைசூர் அரசினர் 1891-ஆம் ஆண்டில் கீழ்த்திசை நூலகம் ஒன்றை நிறுவினர். வடமொழி, கன்னடச் சுவடிகளைத் தேடித் தொகுப்பதும் பதிப்பிப்பதும் அதன் பணிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் தம்மிடமிருந்த சுவடிக் கட்டு ஒன்றை அந்நூலகத்திற்கு அளித்தார். மூலத்தோடு, பட்டசுவாமி என்பார் இயற்றிய உரையின் சிதைந்த பகுதி ஒன்றும் உடன் வந்தது.

அக்காலத்துக் காவிரிக் கரையில் ஏடு என்பது எத்தகைய பொருள் என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அது மூதாதையர் வைத்துச் சென்ற குடும்பச் சொத்து. கலைமகள் பூசையன்று சந்தனமும் பூவும் இட்டு வணங்குவர். படிக்க வல்ல பிள்ளை வீட்டில் இருந்தால் படிப்பான். இல்லையேல் பரணில் கிடக்கும். செல்லரித்துப் போனால், கலைமகளின் வடிவத்தைக் குப்பையில் எறிதல் தகாது என்று கருதி ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவர். பக்தியினால் ஆற்றோடு போன நூல்கள் எத்தனையோ! தஞ்சைப் பண்டிதரின் ஏடு அவ்வாறு போகாமல், அதே காவிரி தோன்றும் நாட்டுக்கு எதிர்த்திசையில் ஏறிச் சென்றது.

நூலகத்தில் அதனை எடுத்துப் படித்தவர் சாமசாத்திரியார். 1868-இல் காவிரிக் கரையிலுள்ள உருத்திரபட்டணத்தில் பிறந்தவர். அவ்வூர் சங்கேதிகள் வாழும் ஊர். அவர்களுடைய முன்னோர் செங்கோட்டைப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்ததாக அவர்தம் மரபு கூறும். வெளியே கன்னடமும் வீட்டில் தமிழோடு நெருங்கிய உறவுடைய பேச்சும் வழங்குபவர்கள். அயல்நாட்டில் வாழும் தமிழர்க்கு இச்செய்தி சுவையாக இருக்கும் என்பதனாலேயே இதனை இடையே கூறினோம்.

ஏட்டின் மொழி வடமொழி, எழுத்தோ கிரந்தம். வடமொழியை எழுதுவதற்கென்று தமிழகத்தில் வளர்ந்த எழுத்து அது. ஜ, ஷ, ஸ, ஹ என்று நாம் எழுதுபவை அதனினின்று வந்தவையே. அவ்வெழுத்தில் சாமசாத்திரியார் கண்டது கௌடிலியரின் அர்த்தசாத்திரம். அப்படி ஒரு நூல் இருந்தது என்பதை அறிஞர்கள் முன்பே அறிவர். காஞ்சியில் வாழ்ந்த தண்டி தம் கதை நூலில் அதனைக் குறிப்பிட்டு, ஆறாயிரம் சுலோக அளவுடையதென்றும் கூறியிருக்கிறார். ஆயினும் நூல் மறைந்துவிட்டதென்றே உலகம் எண்ணியிருந்தது. 1905 முதல் அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்த சாமசாத்திரியார், 1909-இல் மூலத்தையும் 1915-இல் முழு மொழிபெயர்ப்பையும் நூல் வடிவில் கொணர்ந்தார். அச்சில் கிரந்தம் போய் நாகரி எழுத்து வந்தது.

அதன்பின் அவ்வோலைக்கு நேர்ந்த மாற்றங்கள் வியப்புக்குரியவை. இந்தியருக்குச் சமயம் தெரியும், வேதாந்தம் தெரியும், அரசியல் தெரியாது என்று ஆங்கிலேயர் பலர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பதினைந்து அதிகரணங்களில் வரி, நீதி, படை, தூது யாவற்றையும் வகுத்துரைக்கும் நூல் கையில் கிடைத்ததும், விடுதலை வேட்கை கொண்டோர்க்கு அது ஒரு படைக்கலம் ஆயிற்று. சயசுவால் போன்ற வரலாற்றறிஞர்கள் அதனைச் சான்றாகக் காட்டிப் பழைய இந்திய ஆட்சி முறையைப் பற்றி எழுதினர். செருமானிய அறிஞர் மாக்சு வேபர் 1919-இல் மியூனிக்கில் ஆற்றிய சொற்பொழிவிலோ அதே நூல் ஈவிரக்கமற்ற அரசியலுக்கு எடுத்துக்காட்டாக நின்றது. அதன் முன் மாக்கியவெல்லியின் நூலும் தீங்கற்றது என்பது அவர் கருத்து. நேரு அவர்கள் 1937-இல் தம்மைத் தாமே கண்டித்துக் கட்டுரை எழுதியபோது சாணக்கியர் என்னும் புனைபெயரை மேற்கொண்டார். விடுதலைக்குப் பின் தில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென்று எழுந்த நகர்ப்பகுதிக்குச் சாணக்கியபுரி என்று பெயர் வைத்தனர். தில்லித் தமிழர் பேருந்தில் நாள்தோறும் கடக்கும் அப்பெயர்ப் பலகைக்கும் தஞ்சைச் சுவடிக்கும் இவ்வளவு தொடர்பு உண்டு.

வேபரின் தீர்ப்பு நூலின் ஒரு பக்கத்தை மட்டும் கண்ட தீர்ப்பு என்பது நம் எண்ணம். ஒற்றரையும் நஞ்சையும் பற்றிய பகுதிகளே பேர்பெற்றன. சுரங்கம், நெசவு, யானை வளர்ப்பு, எடைக்கற்கள் முதலியவற்றைப் பற்றி நூல் பொறுமையாகக் கூறுவதைப் புரட்டுவோர் குறைவு. அரசுக் கருவூலத்தில் சேர்க்கத்தக்க முத்துக்களைச் சொல்லுமிடத்தில் தாமிரபரணி முத்தும் பாண்டிய கவாடத்து முத்தும் முதலில் நிற்கின்றன. தமிழர் கண் அங்கே சற்றுத் தங்கும்.

காலத்தைப் பற்றிய கருத்தும் மாறியது. சந்திரகுப்த மௌரியரின் அமைச்சர் எழுதியது என்றே சாமசாத்திரியார் நம்பினார். அமெரிக்க அறிஞர் திரௌட்மன் 1971-இல் சொற்களைக் கணக்கிட்டு ஆராய்ந்து, பலர் கைபட்ட நூல் இது என்றார். மௌரியருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பதே பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. இதற்கிடையே பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனைத் தமிழில் தந்தார். தஞ்சையிலிருந்து புறப்பட்டது தமிழாகித் திரும்பிற்று எனலாம். இத்துணைப் பேர் பெற்றும், சுவடியை அளித்தவர் பெயர் மட்டும் பின்னே நின்றுவிட்டது. சாமசாத்திரியாரின் முன்னுரையில் அவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் என்ற அளவிலேயே காணப்படுகிறார்.

இனிக் காகிதத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். கல்வெட்டின்மேல் ஈரக் காகிதத்தைப் பரப்பி, தூரிகையால் அடித்து, மையை ஒற்றி எடுத்தால் கரிய தாளில் வெண்ணிற எழுத்துக்கள் தோன்றும். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக உல்ச்சு அமர்ந்தது முதல் தமிழகக் கோயில்களில் இவ்வேலை நடந்து வந்தது. மைய அரசின் கல்வெட்டுத் துறை 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தபோது படிகளும் உடன் வந்தன. கோயிலில் நந்தா விளக்கெரிக்கச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு கொடுத்தவனுக்கு அக்கல் ஓர் அறக்கட்டளைப் பத்திரம். துறையினர்க்கு அப்படி ஆண்டறிக்கையில் வரிசை எண் பெற்ற ஆவணம். திருப்பணி என்ற பெயரால் கல் பெயர்க்கப்பட்டோ மணலூதித் தேய்க்கப்பட்டோ அழிந்த இடங்களில், நகலாக இருந்த தாளே மூலமாகிவிடுகிறது. அவை தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்ற வழக்கு நீதிமன்றம் சென்றது. தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. ஆடு கொடுத்தவன் பெயரும் ஊரும் அத்தாளில் எழுத்து மாறாமல் உள்ளன.