பினாங்கின் தொழில்நுட்பத் தொடக்க நிறுவனங்கள்

மலேசியாவின் வடமேற்குக் கரையிலுள்ள பினாங்கு மாநிலத்தில் 1970கள் முதல் உள்ளூர்ப் பொறியாளர்களும் பட்டறைக்காரர்களும் தொடங்கி வளர்த்த நிறுவனங்களைப் பற்றியது இக்கட்டுரை. சிப்களைச் சோதிக்கும் கருவிகள், காமிராவால் குறை கண்டறியும் இயந்திரங்கள், தானியங்கி ஆலை அமைப்புகள், சிப் வடிவமைப்பு ஆகியவை இவற்றின் முதன்மைத் தொழில்கள். மாநிலத் தலைநகர் ஜார்ஜ் டவுன். ஆலைகள் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸிலும், நீரிணைக்கு அப்பால் பெருநிலப்பகுதியிலுள்ள பிறை, பத்து காவான் வட்டாரங்களிலும் உள்ளன.

வளரும் நாடுகளில் தொடக்க நிறுவனம் என்றால் கைப்பேசிச் செயலியும், அதற்குக் கோடிகளில் முதல் போடும் நிதியங்களும்தான் பலருக்கும் நினைவில் எழும். பினாங்கில் நடந்தது வேறு வரிசை. இங்கு முதலில் வந்தவர் வாடிக்கையாளர். அவரிடம் வேலை கற்றவர்கள் பின்னர் அவருக்கே பொருள் விற்பவர்களானார்கள். இந்த ஊரின் வலிமையும் வரம்பும் இந்த வரிசையிலிருந்தே பிறந்தவை.

துறைமுகம் போய் ஆலை வந்தது

1786இல் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய நாள்முதல் ஜார்ஜ் டவுன் சுங்கவரியில்லாத் துறைமுகமாக வாழ்ந்தது. ஈயம், ரப்பர், மிளகு, துணி எல்லாம் இதன் வழியே போயின. பினாங்கு ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் வைத்து அந்த வணிகத்துக்குக் கடன் கொடுத்தனர். 1960களின் முடிவில் இந்தத் துறைமுகச் சலுகை பறிபோனது. வேலையின்மை பெருகி, படித்த இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறிய காலம் அது.

1969 தேர்தலில் முதலமைச்சரான லிம் சோங் இயூ ஒரு மருத்துவர். அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. இனி வணிகத்தை நம்பிப் பயனில்லை, ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் தொழிலே வழி என்பது அவருடைய முடிவு. 1971ஆம் ஆண்டின் தடையற்ற வணிக வலயச் சட்டத்தைத் தொடர்ந்து, பாயான் லெப்பாஸின் வயல்நிலத்தில் 1972இல் நாட்டின் முதல் தடையற்ற வணிக வலயம் எழுந்தது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ஊரார் ‘எட்டு சாமுராய்கள்’ என்கிறார்கள்: நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை பினாங்கில் 1972இல் கட்டியதே. ஐந்து ஏக்கர் நிலம், 16 லட்சம் டாலர் முதலீடு என்று சிறியதாகத்தான் அது தொடங்கியது.

சலுகை கொடுத்து அந்நிய ஆலைகளை வரவழைத்த நாடுகள் பல உண்டு. வரிவிலக்குக் காலம் முடிந்ததும் ஆலை வேறு நாட்டுக்குப் போய்விட, வெறும் கொட்டகை மிஞ்சிய இடங்களும் அவற்றில் உண்டு. பினாங்கில் அப்படி நேராததற்குக் காரணம் ஆலைகளைச் சுற்றி உள்ளூரில் முளைத்த சிறு பட்டறைகள் என்றே கருத வேண்டும். பினாங்கின் தொடக்க நிறுவன வரலாறு மென்பொருளிலிருந்து தொடங்குவதில்லை. அது கடைசல் பட்டறையிலிருந்து தொடங்குகிறது.

பட்டறையிலிருந்து இயந்திரம் வரை

தொடக்க ஆண்டுகளில் ஆலைகளில் நடந்தது கைவேலை. இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பை அதன் சட்டத்தோடு இணைத்தார்கள். நாளடைவில் அந்த வேலையைத் தானியங்கிகள் ஏற்றன. இயந்திரம் வந்தால் அது பழுதாகும். உதிரிபாகம் அமெரிக்காவிலிருந்து வரும்வரை உற்பத்தி நிற்க முடியாது. சிப்பை அசையாமல் பிடிக்கும் ஜிக், ஃபிக்ஸ்சர் போன்றவற்றை அருகிலேயே யாராவது துல்லியமாகச் செய்து தர வேண்டியிருந்தது.

அப்படி வளர்ந்தவற்றுள் நன்கு அறியப்பட்டது எங் டெக்னாலஜி. தே ஆ பா 1974இல் தொடங்கிய சிறு பட்டறை அது. பன்னாட்டு ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து, அந்த ஆலைகளின் பொறியாளர்களிடமே அளவுத் துல்லியத்தையும் தரக் கட்டுப்பாட்டையும் கற்று, பிறகு ஹார்டு டிஸ்க் பாகங்கள் செய்யும் நிறுவனமாகி வெளிநாடுகளிலும் ஆலை அமைத்தது. வாங்குபவர் கற்றுக்கொடுத்ததில் தருமம் ஏதுமில்லை, அவருக்குத் தேவை இருந்தது. ஆனால் கற்றவை ஊரிலேயே தங்கின.

பொறியாளர்கள் வெளியேறித் தொழில் தொடங்கியது அடுத்த கட்டம். 1980களின் நடுவில் உலகச் சிப் சந்தை சரிந்தபோது ஆலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. அதன்பின் பன்னாட்டு நிறுவனங்கள் தாங்கள் செய்துவந்த சில வேலைகளை வெளியே கொடுக்க முன்வந்தன. இன்டெலில் பணியாற்றியவர்கள் 1991இல் தொடங்கிய குளோப்ட்ரானிக்ஸ், இன்டெலுக்கே சேவை செய்து வளர்ந்தது. தானியங்கி அமைப்புகள் செய்யும் பென்டாமாஸ்டரும் அதே ஆண்டில் பிறந்தது. முதல் வாடிக்கையாளரைத் தேடி அலையும் துன்பம் இத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவு, ஏனெனில் நேற்றுவரை சம்பளம் கொடுத்தவரே இன்று கொள்முதல் ஆணை கொடுப்பார். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு முதலீட்டை விடப் பெரிய பேறு இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வருவாயின் பெரும்பகுதி ஒன்றிரண்டு வாங்குபவர்களிடமிருந்தே வரும்போது விலையைத் தீர்மானிப்பவர் விற்பவராக இருக்க முடியாது. சிப் தொழில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரியும். 2001இலும் 2008–09இலும் அது சரிந்தபோது பினாங்கின் சிறு நிறுவனங்களும் அடிபட்டன. தாங்கியவை பெரும்பாலும் சொந்தப் பொருள் வைத்திருந்தவையும், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் விற்றவையுமே.

திறனாளர் விஷயத்தில் பினாங்கு செய்த ஓர் ஏற்பாடு தனித்துப் பேசத்தக்கது. 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில், சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து பாடத்திட்டம் வகுத்தன. மாநில அரசு ஆதரவளித்தது, நிறுவனங்கள் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் தந்தன. தனியாகப் பயிற்சித் துறை வைக்க வசதியில்லாத சிறு நிறுவனம், அங்கே பெரிய நிறுவனத்துக்கு இணையான பயிற்சியைத் தன் ஆட்களுக்குப் பெற முடிந்தது. மலேசியாவின் பிற மாநிலங்களும் இந்த முறையைப் பின்பற்றின.

குடிவழி

பினாங்கு நிறுவனங்களைப் பட்டியலாகப் படிப்பதைவிடக் குடிவழியாகப் படித்தால் நன்கு புரியும். ஹியூலெட்-பேக்கர்டின் பினாங்கு ஆலையை எடுத்துக்கொள்ளலாம். 1999இல் அதன் அளவைக் கருவி, குறைக்கடத்திப் பிரிவுகள் அஜிலென்ட் என்ற தனி நிறுவனமாயின. 2005இல் குறைக்கடத்திப் பிரிவு அவாகோவாகப் பிரிந்து, 2016இல் பிராட்காம் என்ற பெயரைப் பெற்றது. 2014இல் அளவைக் கருவிப் பிரிவு கீசைட் ஆனது. பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு முறையும் அனுபவசாலிகள் சிலர் வெளியே வந்தார்கள். புதிய உரிமையாளருக்கு வேலை செய்து கொடுக்க உள்ளூர் நிறுவனங்களுக்கு வாய்ப்பும் வந்தது. 2006இல் தொடங்கிய இனாரி, அவாகோவின் கைப்பேசி ரேடியோ அலைவரிசைச் சிப்களைப் பொருத்திச் சோதித்து வளர்ந்து, 2011இல் பங்குச் சந்தைக்கு வந்தது.

தமிழ் வாசகருக்கு இதை ஒத்த வழி சென்னையில் தெரியும். ஸோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார், அது 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. ஸோஹோ நம்மவர் நிறுவனம், பினாங்கின் தாய் நிறுவனங்களோ அந்நியருடையவை என்பது வேறுபாடு. தலைமையகம் வேறு கண்டத்தில் இருந்தாலும் பொறியாளரின் கையில் பதிந்த அறிவு பினாங்கில்தான் இருந்தது.

விட்ராக்ஸ்

இந்தக் குடிவழியின் சிறந்த கிளை விட்ராக்ஸ். ஹியூலெட்-பேக்கர்ட் குழுமத்தில் பணியாற்றிய சூ ஜென் வெங், சியாவ் கோக் தோங் இருவரும் 2000இல் இதைத் தொடங்கினர். இருவரும் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஆண்டும் லிம் சோங் இயூ பதவியேற்ற ஆண்டும் 1969ஆகவே அமைந்தது தற்செயல்தான் என்றாலும், ஆலையும் வகுப்பறையும் ஒரே காலத்தில் வளர்ந்ததன் பலனை விட்ராக்ஸில் காணலாம்.

சிப்பின் மேலுள்ள கீறல், வளைந்த கால், சுற்றுப்பலகையில் விடுபட்ட ஈயப்பற்று ஆகியவற்றைக் காமிராவும் மென்பொருளும் கொண்டு கண்டறியும் இயந்திரங்களை இந்நிறுவனம் செய்கிறது. கூலிக்கு வேலை செய்து கொடுக்காமல், தன் பெயர் பொறித்த இயந்திரத்தைப் பல நாட்டு ஆலைகளுக்கு விற்கிறது. கூலிவேலையில் ஆள் கூடினால்தான் வருவாய் கூடும். சொந்த இயந்திரத்திலும் மென்பொருளிலும் ஒருமுறை செய்த ஆராய்ச்சி நூறு விற்பனைக்கு உதவும். பினாங்கு நிறுவனங்கள் பெரிதாக வளர்வதற்கான வழியை விட்ராக்ஸ் கண்ணெதிரே காட்டியது. 2005இல் மெஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான இந்நிறுவனத்தின் வளாகம் இப்போது பத்து காவானில் உள்ளது.

பணம் எங்கிருந்து வந்தது

துணிகர முதலீட்டுப் பணம் மலேசியாவில் கோலாலம்பூரைச் சுற்றியே குவிந்திருக்கிறது. பினாங்கு நிறுவனங்கள் சேமிப்பிலும், குடும்பப் பணத்திலும், வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்திலும் வளர்ந்தவை. இயந்திரம் விற்றால் முதல் ஆண்டிலேயே வருவாய் வருவதால் அது முடிந்தது. பிறகு பங்குச் சந்தை கைகொடுத்தது. வளரும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென அமைந்த மெஸ்டாக் சந்தையும், 2009இல் அதன் இடத்துக்கு வந்த ஏஸ் சந்தையும், நிதியங்களைச் சாராமல் பொதுமக்களிடம் முதல் திரட்ட வழி செய்தன. சோதனைக் கருவிகள் செய்யும் ஏமுலஸ் 2004இல் தொடங்கி 2015இல் பட்டியலானது. பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடி வாடிக்கையாளர் எண்ணிக்கையை மட்டும் காட்டும் முறை இங்கு வேரூன்றவில்லை. அது நல்லதே.

ஆனால் நீண்டகால ஆராய்ச்சி தேவைப்படும் முயற்சிக்கு இந்த வழி போதாது. அங்கேதான் அரசின் பணம் தேவைப்படுகிறது. 2003இல் தொடங்கிய அரசின் கிரேடல் நிதியம் சிறிய மானியங்களால் பல இளைஞர்களின் முதல் முயற்சிக்கு உதவியுள்ளது.

மென்பொருள், செயலி

மென்பொருளில் பினாங்கு கோலாலம்பூருக்குப் பின்னால்தான் நிற்கிறது. கிராப் 2012இல் மைடெக்சி என்ற பெயரில் கோலாலம்பூரில் தொடங்கி, தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. பினாங்கிலிருந்து எழுந்தவற்றுள் பிக்டோசார்ட் குறிப்பிடத்தக்கது. கோ ஐ சிங்கும் அவர் கணவர் ஆன்ட்ரியா சாஜியாவும் உருவாக்கிய இது, வடிவமைப்புப் பயிற்சி இல்லாதவரும் தகவல்படம் வரைய உதவுகிறது. உலகெங்கும் சந்தா கட்டுபவர்களை நம்பியதால், ஜார்ஜ் டவுன் சிறிய ஊர் என்பது இதற்குத் தடையாக இல்லை. 2012இல் பினாங்கில் பிறந்த உணவு விநியோக நிறுவனமான டெலிவர்ஈட் உள்ளூர்ச் சந்தையை நம்பியது. பெரிய நிறுவனங்கள் பணத்தோடு களமிறங்கியபின் 2021இல் ஏர்ஏசியாவின் கைக்குப் போனது.

பத்து காவான்

பாயான் லெப்பாஸில் இடம் தீர்ந்துவிட்டது. 2014இல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானைத் தீவோடு நேரே இணைத்ததும் புதிய ஆலைகள் அங்கே எழுந்தன. கரும்பும், பிறகு ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்ட வட்டாரம் அது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வியர்வை சிந்திய மண். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அவர்களின் பிள்ளைகள் ஆலைகளில் ஆபரேட்டர்களாக, டெக்னீஷியன்களாக, பொறியாளர்களாகச் சேர்ந்தார்கள். பட்டியலான பினாங்கு நிறுவனங்களின் நிறுவனர்களோ பெரும்பாலும் சீன மலேசியர்கள். துறைமுக வணிகத்துக்குக் கடன் கொடுத்த ஒரு சமூகத்தின் மொழி பேசுவோர், ஆலைக் காலத்தில் உரிமையாளர் வரிசையில் அரிதாக இருப்பது கவலைக்குரியது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலிருந்தே இந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை தொடங்க வேண்டும்.

சிப் வடிவமைப்பு

உலகச் சிப் பொருத்துதல், சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2021இல் இன்டெல் பத்தாண்டுகளில் 3,000 கோடி ரிங்கிட் முதலிடுவதாக அறிவித்தது. ஆனால் சிப் விலையில் பெரும்பங்கு வடிவமைப்பவருக்கும் தயாரிக்கும் ஃபவுண்டரிக்குமே போகிறது. ஆகவே பினாங்கின் புதிய தலைமுறை வடிவமைப்பில் இறங்கியுள்ளது. 2014இல் தொடங்கிய ஓப்ஸ்டார் 2023இல் ஏஸ் சந்தையில் பட்டியலானது. ஸ்கைசிப் 2019இல் பிறந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பு மையங்களில் தேர்ந்த பொறியாளர்களே இவற்றின் முதுகெலும்பு.

இவர்களின் முதல் போட்டி வாடிக்கையாளரைப் பெறுவதில் இல்லை, ஆட்களைப் பெறுவதில் இருக்கிறது. நல்ல பொறியாளரை முன்னாள் முதலாளியும் கூப்பிடுகிறார், சிங்கப்பூரும் கூப்பிடுகிறது. அங்கு ஒரு டாலர் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். அடுத்த சிக்கல் செலவு. வடிவமைப்பு மென்பொருளுக்கும் பிறர் உருவாக்கிய சுற்றுகளுக்கும் உரிமம் வாங்கவே சிறு நிறுவனத்தின் பணம் கரைந்துவிடும். 2024 மே மாதம் வெளியான தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கவும் 2,500 கோடி ரிங்கிட் ஆதரவு தரவும் திட்டமிட்டது. 2025 மார்ச்சில் மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்து, அதன் சிப் வடிவமைப்புகளை உள்நாட்டு நிறுவனங்கள் பயன்படுத்த வழி திறந்தது. அந்த உரிமங்கள் பினாங்கின் சிறு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால், பிறர் வரைந்த சிப்பைச் சோதித்துத் தேர்ந்த பொறியாளர்கள் தங்கள் பெயரில் சிப் விற்கும் நிலைக்கு வரலாம்.