வேடம் புதிது, மோகம் பழையது

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ் ரசிகர் திருவிழாவான காமிக் கான் முதன்முறையாகக் கூடியபோது, 2011இல் டெல்லியில் தொடங்கிய மோகம் தாமதமாகத் தெற்கே வந்திருக்கிறது என்று எண்ணத் தோன்றியிருக்கும். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. சிவகாசியில் 1972இல் பிறந்த முத்து காமிக்ஸ், பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழ் நாயகனை இரும்புக்கை மாயாவியாக்கித் தந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் கைக்காகப் பழைய புத்தகக் கடைகளில் விடுபட்ட இதழ்களைத் தேடி அலைந்த ஒரு தலைமுறையே உண்டு. 1984இல் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது.

அது வாசிப்பு, இது வேடிக்கை; காமிக் கானில் ரசிகர்கள் அணியும் மார்வெல், ஜப்பானிய அனிமே வேடங்களுக்கும் தமிழுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஆனால் மாயாவியே பிரிட்டனில் பிறந்தவர். தமிழ் வாசகர்கள் கொண்டாடிய இன்னொரு நாயகன் டெக்ஸ் வில்லர் இத்தாலியப் படைப்பு. அயல்நாட்டு நாயகர்களைத் தத்தெடுப்பதில்தான் தமிழ் காமிக்ஸ் வளர்ந்தது. சேகரிப்பதும், பரிமாறிக்கொள்வதும், சென்னைப் புத்தகக் காட்சியில் சக வாசகரைச் சந்திப்பதும் ரசிகர் கூட்டத்தின் இலக்கணமே. வேடம் புதிது, உண்மைதான். ஆனால் காமிக் கானுக்குச் செல்லத் தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்கும் இன்றைய இளைஞர், சிவகாசி அச்சகங்கள் உருவாக்கிய ரசனையின் வாரிசு.