நித்தியகல்யாணியும் நீரிழிவு ஆய்வும்

சுடுகாட்டுமல்லி என்றும் அழைக்கப்படும் நித்தியகல்யாணி மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட செடி. ஜமைக்காவில் இதன் இலைத் தேநீரை நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1952-இல் அங்கிருந்து 25 இலைகள் அஞ்சலில் கனடா சென்றன. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறிப்பிடும்படி குறையவில்லை. ஊசி வழியே செலுத்தியபோதோ எலிகள் சில நாட்களில் நோய்த்தொற்றால் இறந்தன. வேறொருவர் அத்துடன் விட்டிருக்கக்கூடும். இறப்புக்குக் காரணம் தேடியதில், வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்து எலும்பு மஜ்ஜை நலிந்திருந்தது தெரிந்தது. கட்டின்றிப் பெருகும் புற்றணுக்களையும் இச்சாறு அடக்குமா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-இல் அவர் அறிவித்த வின்பிளாஸ்டின், நிணநீர்ப் புற்றுநோய்க்கு இன்றும் பயன்படுகிறது. அதே நச்சு ஆல்கலாய்டுகள் இருப்பதால், சர்க்கரைக்கென்று பச்சை இலையை மெல்வது ஆபத்தானது.