அண்டாவில் வெட்டிய பெயர்

பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய பித்தளை அண்டாவை இறக்கிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். பல நேரம் அது ஒரு பெண்ணின் பெயர். நிலப் பட்டாவிலோ வீட்டுப் பத்திரத்திலோ இடம்பெறாத பெயர்.

என் அம்மாயிக்குச் சீராக வந்த அண்டாவும் அப்படித்தான். நெல் அவிக்க, விசேஷத்துக்குச் சமைக்க, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மழை பொய்த்த ஆண்டுகளில் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பியதும் அதுதான்.

பித்தளைப் பாத்திரத்தில் புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும். அதற்காகவே உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவோரம் குழி வெட்டி, கரி போட்டு, துருத்தியால் அனல் மூட்டுவார். சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரப் பொடி தூவி ஈயத்தைத் தேய்ப்பார். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பஞ்சால் சுழற்றித் துடைத்தால் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். மலிவான காரீயம் கலந்தால் அது நஞ்சு. ஆகவே தெரிந்த ஆளிடம் மட்டுமே அம்மாயி கொடுப்பார். எங்கள் தெருவுக்கு வந்தவரின் மனைவிதான் துருத்தி ஊதினார். கூலியைக் கணவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு எவர்சில்வர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையும் அந்தத் தகட்டை உருட்டத் தொடங்கியது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் பெண்கள் புதுப் பாத்திரம் வாங்கினார்கள். அதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். பித்தளைக் குடத்தை இடுப்பில் சுமந்தவர்களுக்கும், புளி போட்டுத் தேய்த்துக் கை எரிந்தவர்களுக்கும் அது விடுதலைதான். ஆனால் எடைக்குப் போனது உலோகம் மட்டுமல்ல, அதில் வெட்டியிருந்த பெயரும்தான்.

அந்தப் பெயருக்குச் சட்டத்தில் மதிப்பு இருந்தது. மனைவியின் சீதனம் புகுந்த வீட்டில் இருந்தாலும் அவளுக்கே சொந்தம், அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகலாம் என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நிலத்தின் கதை வேறு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே மணமான மகள்களுக்கு அது பொருந்தாது. என் அம்மாவின் கல்யாணம் 1984-ல். 2005-ல் நடுவண் சட்டம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. எங்கள் மாமாக்கள் அதற்கு முன்பே பத்திரம் பதிந்திருந்தார்கள். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் அம்மா விடுபட்டுப் போனார். அவருக்கு வந்தது அண்டா மட்டும்.

“எடைக்குப் போட்டுட்டு ஒரு குக்கர் வாங்கிக்க தங்கச்சி” என்றார் பெரிய மாமா. அம்மா பதில் சொல்லவில்லை. ஆள் தேடிப் பிடித்து ஈயம் பூச வைத்தார். புதுப் பாத்திரம் வாங்கும் அளவுக்குச் செலவாயிற்று.

ஈயம் பூசுவது உட்புறம், பெயர் இருப்பது வெளிப்புறம். எத்தனை முறை பூசினாலும் அது அழியாது. அம்மாயியின் பெயருக்குக் கீழே இப்போது அம்மாவின் பெயரும் வெட்டியிருக்கிறது. அதற்கும் கீழே இடம் இருக்கிறது. ஆனால் என் மகளின் பெயர் முதலில் பட்டாவில் ஏற வேண்டும்.