கணையக் கடினத்தை அளத்தல்: ஐரோப்பிய எல்லை எண் நம் நோயாளிக்குப் பொருந்துமா?

கணையத்தில் ஒரு கட்டி. புற்றா, நாட்பட்ட அழற்சியின் வீக்கமா? எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டோடு சேர்த்துச் செய்யப்படும் எலாஸ்டோகிராபி இதற்கு விடை சொல்லும் என்கிறார்கள். கணையத்தின் மற்ற பகுதி நலமாக இருந்தால் ஓரளவு சொல்லும். ஏற்கெனவே நாரும் கல்லும் நிறைந்த கணையத்தில் அந்த அளவீடு இரு பக்கமும் தவறும் என்பது என் வாதம்.

எண்டோஸ்கோப்பிக் குழாயின் முனை இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ நிற்கும்போது அருகிலுள்ள பெருந்தமனியின் துடிப்பே கணையத்தை இலேசாக அழுத்துகிறது. நசுங்காத இடம் திரையில் நீலமாகவும் நசுங்கும் இடம் சிவப்பாகவும் தெரியும். பக்கத்து மென்திசு எவ்வளவு நசுங்குகிறது, கட்டி எவ்வளவு நசுங்குகிறது என்று ஒப்பிட்டால் வருவது நசிவு விகிதம். அதற்கு அலகு கிடையாது. ஒப்பிட எந்த இடத்தை மருத்துவர் தேர்ந்தாரோ அதற்கேற்ப எண் மாறும். திசுவில் குறுக்கலையை ஓடவிட்டு அதன் வேகத்தை அளக்கும் முறை இந்தக் குறையைத் தவிர்க்கிறது: அலையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால் கடினம் ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல். ஆனால் வேகம் இரட்டித்தால் கடினம் நான்கு மடங்காகும் என்பதால், வேகத்தில் நேரும் சிறு பிழையும் பெருகும்.

ஆய்வு முடிவுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2009-இல் வெளியான ஐரோப்பியப் பன்மைய ஆய்வில், கணையக் கட்டியுள்ள 121 நோயாளிகளிடம் புற்றைக் கண்டறியும் திறன் 92 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு, 70 பேரிடம் செய்த ஜெர்மானிய ஆய்வில் அது 41 தான். பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம் மட்டுமே தகுந்த படம் கிடைத்திருந்தது. 2010-இல் ஸ்பெயினில் 86 பேரிடம் நசிவு விகிதத்துக்கு 6.04 என்ற எல்லை வகுக்கப்பட்டது. இந்த எண்ணை நம்மூர் நோயாளிக்கு அப்படியே பொருத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கேரளத்திலும் தமிழகத்திலும் இளம் வயதிலேயே கணையத்தில் பெரிய கற்களோடும் நீரிழிவோடும் வரும் அழற்சி நெடுங்காலமாக அறியப்பட்டது. 1994-இல் வெளியான சென்னை ஆய்வு, இந்த அழற்சி உள்ளவர்களிடம் கணையப் புற்று அபாயம் பொதுமக்களைவிட ஏறத்தாழ 100 மடங்கு என்றது. இங்கே நார்த்திசு அழற்சிக் கட்டியையும் புற்றுபோலக் கடினமாகக் காட்டும். மறுபுறம், ஒப்பிடும் திசுவே இறுகியிருந்தால் விகிதம் குறைந்து புற்று மறையும். போதாததற்குக் கல் நிழல் விழுத்தி அலையை மறைக்கும்.

அளவீடு தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளிதான். மும்பையில் மான்குர்த்தை அடுத்த சீட்டா கேம்பில் தமிழர் ஏராளம். அங்கிருந்து ஒருவர் பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குப் போக, ஹார்பர் லைனில் குர்லா வந்து ரயில் மாற வேண்டும். முடிவு தெளியாமல் மீண்டும் வர நேர்ந்தால், ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலி போகும். அதனால் எலாஸ்டோகிராபியை ஊசிப் பயாப்சிக்கு மாற்றாகக் கருதாமல், அதே அமர்வில் ஊசியை எங்கே செலுத்துவது என்று காட்டும் துணையாகவே கொள்ள வேண்டும். அறிக்கை எழுதும் மருத்துவர்கள் விகிதத்தோடு, எந்தத் திசுவை ஒப்பிட்டார்கள், கல் இருந்ததா என்பதையும் தவறாமல் குறிப்பிட வேண்டும்.