இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர் இசைப்புனைவு

பள்ளியில் இசை கற்றலாவது பிறர் ஆக்கியவற்றைப் பாடிப் பழகுதலோ, மாணவர் தாமே இசை ஆக்குதலோ என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வலுப்பெற்றது. அவ்வரலாற்றை ஆராயுங்கால், ஆசிரியர் கூற்றுக்கள் மிக்கும் மாணவர் பட்டறிவு அருகியும் கிடைக்கக் காண்கிறோம். அருகிய அச்சான்றுகளையே ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். நம் இசைவாணர் கூறும் மனோதர்மம், இராக இலக்கணத்துள் நின்று நெடும்பயிற்சியால் கைவருவது. ஈண்டுக் குறிக்கப்படும் உடன்புனைவோ, இலக்கணம் கற்குமுன்னரே மாணவர் ஒலிகளைக் கையாண்டு காண்பது.

பீட்டர் மாக்ஸ்வெல் டேவீஸ் 1959 முதல் 1962 வரை சைரன்செஸ்டர் கிராமர் பள்ளியில் இசையாசிரியராய் விளங்கினார். மாணவரை இசை இயற்றவும் உடன்புனையவும் ஊக்கினார். 1960இல் அவர் இயற்றிய ‘ஓ மாக்னும் மிஸ்டீரியம்’ அம்மாணவர்க்கென எழுந்ததாகும். எனினும், அத்தகைய பள்ளி நுழைவுத்தேர்வில் தேறியோர்க்கே உரியதாதலின், இச்சான்றைப் பிற மாணவர்க்கும் பொதுவாக்குதல் பொருந்தாது.

பொதுநிலை மாணவர் குரல், பள்ளிக் கழகம் 1968இல் வெளியிட்ட ஆய்வில் ஒலிக்கின்றது. பதினைந்து அகவையில் பள்ளியை நீங்கிய மாணவர், பயனற்றது, சலிப்பூட்டுவது எனக் கருதிய பாடங்களுள் இசையும் ஒன்றாயிற்று. இதன்பின், 1970இல் ஜான் பெய்ன்டரும் பீட்டர் ஆஸ்டனும் எழுதிய ‘ஒலியும் மௌனமும்’ என்னும் நூல் வெளிவந்தது. வகுப்பறையில் மாணவரே இசை ஆக்குதற்குரிய பணித்திட்டங்களை அது வகுத்தளித்தது. 1973 முதல் 1982 வரை பெய்ன்டர் தலைமையில் யார்க் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற பள்ளிக் கழகத் திட்டம் இம்முறையைப் பரப்பியது. 1988இல் முதன்முறை நடந்த புதிய பொதுத்தேர்வில், இசைத்தலும் கேட்டலும் போல இயற்றலும் ஓர் உறுப்பாயிற்று.

தேர்வு புகுந்தமையால் விளைந்தது யாது? இயற்றிய இசை தாளிலோ ஒலிநாடாவிலோ நின்று மதிப்பெண் பெற்றது. உடன்புனைவு, பதிவு செய்தாலன்றி, பிறந்த அக்கணமே மறைவது. எனவே எஞ்சிய ஆவணங்கள் இயற்றலையே பெரிதும் காட்டுகின்றன. சான்று இன்மை கொண்டு உடன்புனைவு அருகியே நிகழ்ந்தது எனத் துணிதல் முறையாகாது. தேர்வுக்கென ஆக்கியதை மாணவர் தம்முடையதெனக் கருதினரா என்பதையும் மதிப்பெண் பட்டியல் உரைக்கமாட்டாது.

இக்குறையை நிரப்பவல்லார் அவ்வகுப்புகளில் இருந்தோரே. 1960இல் பதின்மூன்று அகவையினராயிருந்தோர் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். அவர்தம் நினைவுகளை வாய்மொழியாகத் தொகுத்து, எஞ்சிய ஒலிநாடாக்களோடு ஒப்பிட்டு ஆய்தல் வேண்டும். காலம் தாழ்ப்பின், இவ்வரலாறு ஆசிரியர் வரலாறாகவே நின்றுவிடும் என்பது எம் துணிபு.