ஆலை நகரில் அகிம்சை

கிர்னாருக்கும் சத்ருஞ்சயத்திற்கும் யாத்திரை செல்லும் தமிழ்ச் சமணர் பலருக்கு அகமதாபாத் வண்டி மாறும் ஊராகவே அமைந்துவிடுகிறது. ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் அந்நகரைக் கடந்துவிடுகின்றனர். இரு நாள் கூடுதலாகத் தங்குவோர்க்கு அந்நகரம் ஒரு வரலாற்றைக் காட்டும். அகிம்சையைக் குலநெறியாகக் கொண்ட வணிகச் சமூகம் ஆலை முதலாளிகளாக மாறியபோது அந்நெறி எவ்வாறு சோதிக்கப்பெற்றது என்பதே அவ்வரலாறு.

சபர்மதி ஆற்றங்கரையில் 1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா இந்நகரை நிறுவினார். பொன்னிழை, பட்டு, பருத்தி ஆகிய மூன்று நூல்களில் இந்நகரம் தொங்குகிறது என்பது அவ்வூரார் வழங்கும் பழமொழி. நெசவும் வணிகமும் அங்கு ஆலைகளுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. 2017-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்ற பழைய நகரில் ‘போள்’ எனப்படும் குறுந்தெருக்கள் இன்றும் உள்ளன. ஒவ்வொரு போளுக்கும் ஒரு வாயில். உள்ளே மரச் செதுக்கு வேலை நிறைந்த வீடுகள். வீட்டின் அடியில் மழைநீர் சேமிக்கும் தொட்டி. போள்கள் பலவற்றில் ஜினாலயமும் உண்டு. தெருமுனையில் தூண்மேல் நிற்கும் சிறு கோபுரம் போன்ற ‘சபூத்ரா’, பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே அமைந்தது. முதிர்ந்தும் நோயுற்றும் கைவிடப்பெற்ற கால்நடைகளைப் பேணும் ‘பாஞ்ஜ்ராபோள்’ நிலையங்களும் குஜராத்தில் நெடுங்காலமாக நடந்துவருகின்றன.

அங்குள்ள சமணருள் பெரும்பாலோர் சுவேதாம்பரர். திகம்பர மரபினரான தமிழ்ச் சமணர்க்கு, ஒளிவிடும் கண்களும் அணிகலன்களும் பூண்ட ஜினபிம்பங்கள் முதலில் புதுமையாகத் தோன்றும். வழிபாட்டு முறை வேறுபடினும் இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தும் இரு மரபினர்க்கும் பொதுவானவை.

இந்நகர வணிகருள் 17-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றவர் மணி வணிகரான சாந்திதாஸ் ஜவேரி. அவர் எழுப்பிய சிந்தாமணி பார்சுவநாதர் ஆலயத்தை, அப்போது குஜராத்தின் ஆளுநராக இருந்த ஔரங்கசீப் 1645-இல் மசூதியாக மாற்றினார். அதனை மீண்டும் சாந்திதாஸிடமே ஒப்படைக்குமாறு 1648-இல் பேரரசர் ஷாஜகான் ஆணையிட்டார். சாந்திதாஸின் பெயரர் குஷால்சந்த், 1725-ஆம் ஆண்டில் மராத்தியப் படை நகரைச் சூழ்ந்தபோது தம் செல்வத்தைக் கொடுத்து நகரைக் கொள்ளையினின்றும் காத்தார்.

தில்லி வாயிலுக்கு வெளியே நிற்கும் ஹத்தீசிங் ஆலயம் 1848-இல் நிறைவு பெற்றது. மூலவர் 15-ஆம் தீர்த்தங்கரராகிய தருமநாதர். சுற்றிலும் 52 தேவகுலிகைகள். இதனைத் தொடங்கிய சேட் ஹத்தீசிங் 1845-இல் மறைந்தார்; அவர் துணைவியார் ஹர்குன்வர் அம்மையார் பணியை முடித்தார். பஞ்சத்தால் நலிந்த கைவினைஞர் நூற்றுக்கணக்கானோர்க்கு இத்திருப்பணி வாழ்வளித்தது என்பர். அறமும் கூலியும் ஒன்றாய் இணைந்த இடம் அது.

அதன்பின் காலம் மாறியது. ரண்சோட்லால் சோட்டாலால் என்னும் நாகர் அந்தணர் 1861-இல் 2,500 கதிர்களுடன் நகரின் முதல் பஞ்சாலையை இயக்கினார். வட்டித்தொழிலிலும் துணி வணிகத்திலும் திரண்டிருந்த சமணர் செல்வமும் பின்னர் ஆலைகளை நோக்கிப் பாய்ந்தது. சாராபாய், லால்பாய் போன்ற சமணக் குடும்பங்கள் ஆலை முதலாளிகளாயின. புகைபோக்கிகள் பெருகிய அகமதாபாத், ‘இந்தியாவின் மான்செஸ்டர்’ எனப் பெயர் பெற்றது. தமிழகத்திலிருந்தும் தொழிலாளர் அங்குச் சென்றனர். மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றின.

புறாவுக்குத் தானியமும் முதிர்ந்த பசுவுக்குப் புகலிடமும் அளித்த அந்நகரில், தறிமுன் நிற்கும் மனிதனின் நிலை என்ன? இவ்வினாவைத் தம் வாழ்வால் எழுப்பியவர் சாராபாய்க் குடும்பத்துப் பெண்மணி அனசூயா. 1885-இல் பிறந்த அவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். இளமையில் நடந்த திருமணத்தினின்றும் மீண்டவர். தம்பி அம்பாலால் துணையால் 1912-இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். ஆங்கு விலங்குகளை அறுத்துப் பயில வேண்டியிருந்தமை தம் சமயநெறிக்கு ஒவ்வாமையால் அப்படிப்பைக் கைவிட்டு, சமூகவியல் பயின்றார். நாடு திரும்பிய பின் ஒருநாள் காலை, சோர்ந்து தள்ளாடி வரும் பெண் தொழிலாளர் சிலரைக் கண்டு வினவினார். இடைவிடாது 36 மணி நேரம் ஆலையில் உழைத்துத் திரும்புவதாக அவர்கள் கூறினர். அன்று முதல் அவர் வாழ்வு தொழிலாளர்க்கென்றே ஆயிற்று. விலங்கை அறுக்க மறுத்த அதே நெறியே அவரை ஆலை வாயிலுக்கும் அழைத்துச் சென்றது.

1917-இல் நகரில் பிளேக் பரவியபோது தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க, ஆலை முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ வழங்கினர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முனைந்தனர். விலைவாசியோ ஏறியிருந்தது. நெசவாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர்; முதலாளிகள் 20 விழுக்காட்டிற்குமேல் இசையவில்லை. இருதரப்புக் கணக்குகளையும் ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நியாயம் என்று அறிவுறுத்தினார். 1918 பிப்ரவரி 22-இல் கதவடைப்புத் தொடங்கியது. முதலாளிகள் தரப்பில் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவர் தமக்கை அனசூயா.

பசியால் தொழிலாளர் மனம் தளர்ந்தபோது, மார்ச் 15-இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மார்ச் 18-இல் உடன்பாடு ஏற்பட்டது: முதல்நாள் 35, மறுநாள் 20, அதன்பின் நடுவர் தீர்ப்பு வரும்வரை இருதரப்பிற்கும் நடுவாக இருபத்தேழரை விழுக்காடு. நடுவர் ஆனந்தசங்கர் துருவர் ஆகஸ்டு மாதத்தில் 35 விழுக்காடே முறை எனத் தீர்ப்பளித்தார். தம் நோன்பு முதலாளிகளை நெருக்கியதால் அது மாசற்றதன்று எனக் காந்தியடிகளே பின்னர் எழுதினார். இவ்வழக்கின் வழியே 1920-இல் ‘மஜூர் மகாஜன் சங்கம்’ உருவாயிற்று. வணிகர் குழுவைக் குறித்த ‘மகாஜன்’ என்னும் சொல் தொழிலாளர் அமைப்பிற்கும் உரியதாயிற்று. அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்தே 1972-இல் இலா பட்டின் ‘சேவா’ அமைப்பு பிறந்தது.

கடந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஆலைகளுள் பெரும்பாலானவை மூடப்பெற்றன. ஆயினும் சாராபாய்க் குடும்பத்தார் 1949-இல் நிறுவிய கேலிகோ துணி அருங்காட்சியகம் இன்றும் கண்கொள்ளாக் காட்சி. ஆலையதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் தோற்றுவித்த இந்தியவியல் நிறுவனத்தில், முனி புண்ணியவிஜயர் அளித்த சமணச் சுவடிகள் உள்ளிட்ட பெருந்தொகுதி பேணப்படுகிறது. ஏட்டுச்சுவடிகளைக் காத்துவந்த தமிழ்ச் சமணர் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையருக்குச் சீவக சிந்தாமணியின் பொருளை விளக்கிய வரலாற்றை அறிந்தோர், அச்சுவடிகளின் முன் சற்றே நின்றுதான் செல்வர்.

கொல்லாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாக வகுத்துள்ளது. அவற்றுள் இரண்டு, அளவிற்கு மீறிச் சுமை ஏற்றுதலும் உணவை மறுத்தலும் ஆகும். கால்நடைகளையும் ஏவலரையும் கருதிச் சொல்லப்பெற்ற அவ்விரண்டுமே அகமதாபாத் ஆலைகளில் வேலை நேரமாகவும் கூலியாகவும் உருக்கொண்டு நின்றன. 36 மணி நேர வேலை மிகுசுமை; விலைவாசிக்கு ஈடாகாத கூலி உணவு மறுப்பு. 1918-இல் தமக்கையும் தம்பியும் எதிரெதிரே நின்று வழக்காடியது இதனைக் குறித்தே. இருவரும் ஒரே வீட்டில் ஒரே நெறியில் வளர்ந்தவர்கள்.

தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வேளாண் மரபினர். இன்று பலர் வணிகத்திலும் அலுவல்களிலும் உள்ளனர். இரவுணவு தவிர்த்தலும் நீரை வடிகட்டிப் பருகுதலும் அவர்தம் இல்லங்களில் வழுவாது நிகழ்வன. நடவு செய்யும் பெண்களின் கூலியும், கடையில் நாள் முழுதும் நிற்கும் இளைஞனின் ஓய்வு நேரமும் அதே விரதத்தின் எல்லைக்குள் அடங்குவன என்பதை அனசூயாவின் வாழ்வு தெளிவாக்குகிறது.